கோர்வை அறுந்த தறி: ‘காஞ்சிவரம்’ திரைப்படமும் சிறைவாசியின் குடும்பமும்

தமிழ்த் திரைப்படத்தில் சிறைச்சாலை நெடுங்காலமாக ஒரு கதை உத்தியாகவே இருந்து வந்துள்ளது. நாயகன் செய்யாத குற்றத்திற்காக உள்ளே செல்வான்; சில ஆண்டுகள் ஒரு பாடலுக்குள் கழியும்; நரைத்த தாடியுடன் வெளியே வந்து எஞ்சிய கணக்கைத் தீர்ப்பான். அந்த ஆண்டுகளில் அவன் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, வாடகையை யார் கொடுத்தார், பிள்ளைகள் பள்ளியில் என்ன பெயரால் அழைக்கப்பட்டனர் என்ற வினாக்கள் எழுவதில்லை. சிறைக்குச் சென்றவனின் காலம் நின்று போவதாகவும், அவனுடன் அவன் குடும்பத்தின் காலமும் நின்று போவதாகவும் நம் திரைக்கதைகள் கற்பித்துக்கொண்டன.

இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கும் படங்களுள் ஒன்று பிரியதர்சன் எழுதி இயக்கிய ‘காஞ்சிவரம்’. 2008ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2009 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்த இப்படம், சிறந்த படத்திற்கும் சிறந்த நடிகருக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது. நெசவாளரின் வறுமையைப் பற்றிய படம் என்றும், பொதுவுடைமை இயக்கத்தின் தொடக்கத்தைப் பற்றிய படம் என்றும், ஒரு தந்தையின் நிறைவேறா வாக்கைப் பற்றிய படம் என்றும் அது பேசப்பட்டது. இவை யாவும் பொருந்தும். ஆயினும் படத்தின் சட்டகம் சிறை என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ‘காஞ்சிவரம்’ படத்தைச் சிறைவாசியின் குடும்பத்தைப் பற்றிய படைப்பாக வாசித்து, அது கண்டது எது, காணத் தவறியது எது என்று ஆராய்வதே நம் நோக்கம். தம் மஹல்லாவில் சிறைவாசியின் வீடு ஒன்றையேனும் அறிந்த வாசகருக்கு இந்த ஆராய்ச்சி வெறும் திரைப்பட ரசனையாக நின்றுவிடாது.

பேருந்தில் ஒரு கைதி

கதை 1948இல் தொடங்குகிறது. வேங்கடம் என்னும் பட்டு நெசவாளி, காவலர் துணையுடன், குறுகிய விடுப்பில் சிறையிலிருந்து ஊருக்குப் பேருந்தில் வருகிறான். மழை பெய்கிறது. பயணத்தின் ஒவ்வொரு குலுக்கலிலும் பழைய வாழ்வு நினைவில் எழுகிறது. மணமகள் பட்டுடுத்தி வர வேண்டும் என்ற ஆசை தன் திருமணத்தில் கைகூடாத வேங்கடம், மகள் தாமரை பிறந்தபோது அவள் திருமணத்திற்குப் பட்டுப் புடவை தருவதாக அவள் காதில் வாக்களிக்கிறான். பட்டை நெய்கிறவன் பட்டை உடுத்த முடியாத ஊர் அது. சேமித்த பணம் உறவுக்காரரின் நெருக்கடியில் கரைகிறது. பின்னர் அவன் முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நாள்தோறும் சிறிது பட்டு நூலை வாயில் மறைத்து எடுத்து வந்து, இரவில் ஒளித்து வைத்த தறியில் நெய்கிறான். மனைவி அன்னம் இறக்கிறாள். தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவனே, மகளின் திருமணம் நெருங்கவும், நூலுக்காக வேலைக்குத் திரும்ப வேண்டியவனாகிறான். ஒரு நாள் வாயிலிருந்த நூல் வெளிப்படுகிறது. அடியும் அவமானமும் சிறையும் தொடர்கின்றன.

அவன் சிறையிலிருக்கும்போது, தனித்து விடப்பட்ட தாமரை கிணற்றில் விழுந்து உடல் முடங்கிப் போகிறாள். அவளைப் பார்க்கவே இந்த விடுப்பு. அவளைப் பார்த்துக்கொள்ளும்படி அவன் தன் சகோதரியின் குடும்பத்தைக் கேட்கிறான், அவர்கள் மறுக்கின்றனர். விடுப்பு முடிந்தால் அவன் சிறைக்குத் திரும்ப வேண்டும். அவள் யாரிடம் இருப்பாள் என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது, அவன் தன் கையாலேயே அவளுக்கு நஞ்சூட்டுகிறான். பின் முடிவடையாத பட்டுத் துணியால் அவள் உடலைப் போர்த்த முயல்கிறான். தலையை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் தலை தெரிகிறது.

நிகழ்ச்சிகளின் வரிசையை மறுபடி நோக்குவோம். தாமரையை முடக்கியது கிணறு. ஆனால் அவள் தனித்திருந்ததற்குக் காரணம் சிறை. அவளைக் கொன்றது தந்தையின் கை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு காலக்கெடுவை விதித்தது விடுப்புச் சீட்டு. சில இழை பட்டு நூலுக்கு நீதிமன்றம் ஒருவனுக்குத் தண்டனை எழுதியது. அந்தத் தண்டனை நிறைவேறியது தீர்ப்பில் பெயர் இல்லாத ஒரு பெண்ணின்மேல். இதைப் படம் எந்த வசனத்தாலும் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளின் ஒழுங்கால் சொல்கிறது. இதுவே அதன் பெருமை.

தறி என்னும் குடும்பம்

இக்கதை காஞ்சிபுரத்தில் நிகழ்வது தற்செயலன்று. காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை எனப்படும் முறை. புடவையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் அமைய, இரண்டின் ஊடையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி நெய்யப்படும். கிழிந்தாலும் கரை தனியே பிரிந்து வராது என்பது அதன் புகழ். இந்த நெசவை ஒருவரே தனித்துச் செய்வது கடினம். குழித்தறியில் நெசவாளி அமர, கரைப்பக்கம் இருந்து இன்னொரு நாடாவைத் தள்ளித் தரத் துணைக் கை ஒன்று வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது அல்லது பிள்ளையுடையது. பாவு ஓட்டுவதும், நூல் சுற்றுவதும், ஜரிகையைப் பிரிப்பதும் வீட்டாரின் வேலைகளே. ஆக, காஞ்சிபுரத்துத் தறி ஒரு தனிமனிதனின் கருவியன்று. அது ஒரு குடும்பத்தின் பெயர்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்தால் நான்கில் ஒரு பங்கு வருமானம் குறைவதாகக் கணக்கிட முடியாது. தறியே நின்றுபோகிறது. நின்ற தறியின்மீது முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காமல் வளர்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலில் இந்த முன்பணம் என்ன செய்யவல்லது என்பது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் பிறர் தறிகளில் அமர்ந்திருந்ததை அது பதிவு செய்தது. தந்தை வீட்டிலிருக்கும்போதே நிலைமை இதுவாயின், தந்தை சிறையிலிருக்கும் வீட்டில் கடனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடைய விரல்களுக்குச் செல்லும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தறிக்குப் பதில் தோல் பதனிடும் தொழிலையோ, பீடி சுற்றுவதையோ, தள்ளுவண்டி வணிகத்தையோ வைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறாது. ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கோர்வை. சட்டம் ஒரு நூலை மட்டும் இழுத்து எடுப்பதாக எண்ணுகிறது. துணி முழுவதும் சுருங்குகிறது.

படம் கேட்காத இரு கேள்விகள்

இவ்வளவு நுட்பமாகக் கண்ட படம் எங்கே நின்றுவிடுகிறது? நம் கருத்தில், அது இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடுகிறது. அவ்விரண்டையும் இஸ்லாமியச் சட்ட மரபு வெகு முன்னரே கேட்டிருக்கிறது.

முதற் கேள்வி திருட்டைப் பற்றியது. வேங்கடம் திருடினான் என்பது உண்மை. அதைப் படமும் மறைக்கவில்லை. ஆனால் அவன் கையை அந்த நூலுக்குக் கொண்டு சென்ற கூலியைக் குறித்து எந்த நீதிமன்றம் விசாரித்தது? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூரலாம். ஹாதிபின் குடும்பத்து அடிமைகள் சிலர் முஸைனா குலத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்டுவிட்டனர். வழக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. தண்டனைக்கு ஆணையிட்ட பின்னர், இவர்களை எசமானர் பட்டினி போடுகிறார் என்று உணர்ந்த உமர் (ரலி), தண்டனையை நிறுத்தினார். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று கேட்டறிந்து, 800 திர்ஹம் செலுத்தும்படி எசமானருக்கு ஆணையிட்டார். திருட்டு திருட்டாகவே இருந்தது. ஆனால் விசாரணை திருடியவனோடு முடியவில்லை. காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்தின் முதலாளி அத்தகைய நீதிபதி ஒருவர் முன் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணும்போதுதான், படத்தின் நீதி எவ்வளவு குறுகியது என்பது விளங்குகிறது. படம் முதலாளியைத் தீயவனாகக் காட்டுகிறது, ஆனால் பொறுப்பாளியாக்கவில்லை.

இரண்டாம் கேள்வி பிள்ளையைப் பற்றியது. மரண தண்டனைக்குரிய குற்றத்தைத் தாமே வந்து ஒப்புக்கொண்ட காமித் குலத்துப் பெண்ணின் நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அவர் கருவுற்றிருந்ததால் நபி (ஸல்) அவர்கள் பிள்ளைப்பேறு வரை அவரைத் திருப்பி அனுப்பினார்கள்; பின்னர் பால்குடி மறக்கும் வரை தவணை தந்தார்கள்; பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே தண்டனைப் பேச்சு தொடர்ந்தது. தண்டனையின் கடுமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதற்கு முன்னால் வந்த அந்த நீண்ட காத்திருப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. குற்றம் செய்யாத ஓர் உயிரின் பராமரிப்பு உறுதியாகும் வரை சட்டம் தன் கையை நிறுத்திக்கொண்டது என்பதே அதில் நாம் காணும் கோட்பாடு. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று அல்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதியின் நடைமுறை வடிவம் அது.

தாமரைக்காகக் காத்திருந்த சட்டம் எதுவும் இல்லை. இதைப் படம் நமக்குக் காட்டுகிறது. ஆனால் இறுதியில் தன் பழியை விதியின் மீதும், ஒரு தந்தையின் அளவற்ற ஆசையின் மீதும் இறக்கி வைத்துவிடுகிறது. கொலையைக் கருணையாகவும், அரைப் பட்டைக் கவிதையாகவும் மாற்றும் அழகிய ஒளிப்பதிவில் நம் கண் கலங்குகிறது. கலங்கிய கண் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. உடல் முடங்கிய ஒரு பெண்ணுக்கு இறப்பே விடுதலை என்று படம் மறைமுகமாக ஒப்புக்கொள்வதை நாம் ஏற்க இயலாது. அவள் வாழ்வதற்கு வேண்டியிருந்தது ஒரு திண்ணையும், இரு வேளைச் சோறும், பொறுப்பேற்கும் ஓர் ஆளும்தான். இத்தனை நெருக்கமாக நெய்யப்பட்ட ஓர் ஊரில், வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்ற தெருவில், அந்த ஓர் ஆள் எப்படி இல்லாமற் போனார்? தலைவன் துரோகியானான் என்ற கசப்பா? திருடனின் மகள் என்ற கூச்சமா? அந்த மௌனத்தை ஆராய்ந்திருந்தால் ‘காஞ்சிவரம்’ இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

காஞ்சிபுரத்தின் மைந்தரும் சிறைக் கதவும்

1948இன் கற்பனைக் கதையிலிருந்து நம் காலத்துச் சிறைகளுக்கு வருவதற்குக் காஞ்சிபுரமே ஒரு பாலம் தருகிறது. 1909 செப்டம்பர் 15 அன்று அவ்வூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1938 முதல் பலமுறை சிறை சென்றவர். தம் சிறை அனுபவங்களைத் தம்பிக்குக் கடிதங்களாக எழுதியவர். அவை ‘கைதி எண் 6342’ என்னும் நூலாயின. அவர் பிறந்த நாளை ஒட்டி ஆயுள் சிறைவாசிகளை முன்கூட்டி விடுவிப்பது தமிழக அரசின் மரபாக வளர்ந்தது பொருத்தமானதே. அவரது நூற்றாண்டை ஒட்டி 2008 செப்டம்பரில் 1,405 ஆயுள் சிறைவாசிகள் விடுதலை பெற்றனர். அன்று எத்தனையோ வீடுகளில் நின்றிருந்த தறிகள் மீண்டும் ஓடியிருக்கும்.

ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. அது யாருக்கு மூடியே இருந்தது என்பதை அறியக் கோவைக்குச் செல்ல வேண்டும். 1997 நவம்பர் இறுதியில் அந்நகரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இந்த வரிசையில் எந்த எண்ணையும் நாம் சிறியதாக்கக் கூடாது. சந்தைக்குச் சென்று திரும்பாதவரின் வீட்டிலும் ஒரு கோர்வை அறுந்தது. அவர்களுக்குரிய நீதியை மறந்து பேசும் எந்தப் பேச்சும் இஸ்லாமிய நீதியின் பெயருக்குத் தகுதியற்றது.

அந்த வழக்கில் நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். தீர்ப்பு 2007 ஆகஸ்டில்தான் வந்தது. பெரும்பாலோர் அதுவரை பிணையின்றி உள்ளே இருந்தனர். குற்றவாளிகள் என முடிவானோரில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கேரளத்தின் அப்துல் நாஸர் மஅதனி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1998 மார்ச்சில் கைதான அவர், அந்த ஒரு சொல்லைக் கேட்க ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார். குற்றமற்றவருக்கு ஒன்பது ஆண்டு என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தண்டனை.

இதனோடு காஞ்சிபுரத்தின் இன்னொரு வழக்கை ஒப்பிட்டு நோக்கலாம். 2004 செப்டம்பரில் அவ்வூர்க் கோயில் ஒன்றின் மேலாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று கைதாகி வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்ட காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரருக்கு, 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. 2013 நவம்பரில் அவரும் மற்றவர்களும் விடுதலை செய்யப்பட்டனர். அவருக்குக் கிடைத்ததை நாம் சலுகை என்று குறை கூறவில்லை. குற்றம் நிறுவப்படும் வரை ஒருவர் வெளியே இருந்து வழக்கைச் சந்திப்பதே சட்டத்தின் இயல்பு. இரு மாதங்களில் செயல்பட முடிந்த அதே சட்டம், வேறு சிலருக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செயல்படவில்லை என்பதையே சுட்டுகிறோம். இரு வழக்குகளின் தன்மையும் வேறு என்பார் உண்டு. வழக்கின் தன்மை எதுவாயினும் காத்திருக்கும் பிள்ளையின் வயது ஒரே வேகத்தில்தான் கூடுகிறது.

தண்டனை பெற்றோரின் நிலைக்கு வருவோம். 2008இல் கோவை வழக்குகளின் முஸ்லிம் ஆயுள் சிறைவாசிகளுக்குத் திறக்காத கதவு, 2021இலும் திறக்கவில்லை. அண்ணாவின் 113ஆம் பிறந்த நாளை ஒட்டி அவ்வாண்டு நவம்பரில் வெளியான முன்விடுதலை ஆணையும், மத மோதல் தொடர்பான வழக்குகளில் தண்டிக்கப்பட்டோரை விலக்கியே வைத்தது. பலத்த கோரிக்கைகளுக்குப் பின், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆதிநாதன் தலைமையில் 2021 டிசம்பரில் குழு அமைக்கப்பட்டது. அது 2022 அக்டோபரில் அறிக்கை அளித்தது. 2023 ஆகஸ்டில் 49 சிறைவாசிகளின் பெயர்கள் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன. அவர்களுள் 20 பேர் முஸ்லிம்கள் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் தெரிவித்தார். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும் காலம் அதிகாரிக்குச் சில மாதங்கள். மனு போட்டுப் பார்க்க மாதந்தோறும் பேருந்தேறும் தாய்க்கு அது எஞ்சிய ஆயுள்.

இது ஒரு சமூகத்தின் வலி மட்டுமன்று. 1908இல் நாற்பதாண்டுத் தண்டனை பெற்று, அதே கோவைச் சிறையில் செக்கிழுத்த வ. உ. சிதம்பரனாரின் தம்பி அத்தண்டனைச் செய்தியில் சித்தம் கலங்கினார். 1912 டிசம்பரில் வெளியே வந்த வ. உ. சி.க்கு வழக்குரைஞர் உரிமம் இல்லை, வருமானம் இல்லை. 1991 ஜூனில் கைதான பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையாகும் வரை 31 ஆண்டுகள் அவருடைய தாய் அற்புதம் அம்மாள் சிறை வாயில்களிலும் நீதிமன்றப் படிகளிலும் கழித்தார். தண்டனைக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இரண்டு முகங்கள் எப்போதும் உண்டு.

எண்களின் பின்னால் உள்ளோர்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் குற்றவாளிகள் என்று எவராலும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். முஸ்லிம்கள், தலித்துகள், பழங்குடியினர் ஆகியோரின் பங்கு மக்கள் தொகையில் அவர்கள் பெறும் பங்கைவிடச் சிறையில் கூடுதலாக இருப்பதை இக்கணக்குகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க இடந்தரும் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தால், தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டில் முதலிடம் வகித்தது.

ஏறத்தாழ இருபது இலட்சம் பேரைச் சிறையில் வைத்திருக்கும் அமெரிக்காவில் இந்நிகழ்வைப் பெருந்திரள் சிறைவைப்பு என்றழைத்து அறிஞர்கள் ஆராய்கின்றனர். சிறைவாசம் குறிப்பிட்ட தெருக்களிலும் குறிப்பிட்ட இனத்தாரிடமும் குவியும்போது, அது தனிமனிதத் தண்டனையாக நிற்பதில்லை. அந்தத் தெருவின் திருமணம், வாடகை, கல்வி, வாக்கு அனைத்தையும் மாற்றி அமைக்கும் ஆற்றலாகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. தந்தையோ தாயோ ஒருமுறையேனும் சிறை சென்ற பிள்ளைகள் அந்நாட்டில் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் சிறைவாசிகளை எண்ணுகிறோம். அவர்களின் பிள்ளைகளை எண்ணும் பழக்கம் இன்னும் வரவில்லை. எண்ணப்படாதவர் எவருடைய பொறுப்பிலும் இல்லை.

சிறையைப் பார்வையிடும் காழி

அரசின் கடமை என்ன என்பதற்கு நம் மரபில் ஒரு தெளிவான ஆவணம் உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ வரிவிதிப்பைப் பற்றிய நூல். ஆயினும் அதில் சிறைவாசிகளுக்கென ஒரு பகுதி இருக்கிறது. சிறைவாசியின் உணவுக்கான தொகையை அரசுக் கருவூலம் மாதந்தோறும் பணமாகத் தர வேண்டும். ரொட்டியாகத் தந்தால் காவலர் கையாடுவர். கோடைக்கும் குளிருக்கும் உடை தர வேண்டும். விலங்கிட்ட கைதிகளைத் தெருவில் பிச்சையெடுக்க அனுப்புவது இழிவு. உறவினர் அற்று இறந்தவரின் கஃபனும் அடக்கமும் அரசின் செலவு. இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் சொல்லும் காரணம் கூர்மையானது: வழக்குகள் உரிய காலத்தில் கவனிக்கப்படாததாலேயே சிறைகள் நிரம்புகின்றன, நாள்தோறும் கவனித்தால் குறையும். புதிதாகப் பொறுப்பேற்கும் காழி முதலில் சிறைவாசிகளின் பட்டியலைக் கேட்டுப் பார்வையிட வேண்டும் என்று நீதிபதியின் ஒழுக்கங்கள் பற்றிய நூல்களும் விதித்தன. யமாமாவின் தலைவர் சுமாமா பின் உஸால் கைதியாகக் கொண்டு வரப்பட்டபோது மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் நாள்தோறும் அவரிடம் சென்று நலம் விசாரித்தார்கள். மூன்றாம் நாள் விடுவித்தார்கள். அந்தச் சிறை சமூகத்தின் கண்ணெதிரே, தொழுகை வரிசைக்கு அருகே இருந்தது.

இவற்றைப் பழம்பெருமை பேசுவதற்காக எடுத்துரைக்கவில்லை. அபூ யூஸுஃப் (ரஹ்) அவ்வாறு எழுத நேர்ந்ததே அக்காலச் சிறைகளின் அவலத்திற்குச் சான்றாகும். இன்றைய இந்தியச் சட்டத்திலும் இதே திசையில் செல்லும் வாசல்கள் உண்டு. விரைந்த விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் கூறியது. நீண்ட காலம் விசாரணையின்றி இருப்பவருக்குச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழும் பிணை வழங்கலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால், சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, விடுவிக்க வழி செய்கிறது. வாசல்கள் இருக்கின்றன; அவற்றைத் தட்டுவதற்கு ஒரு வழக்குரைஞரும், அவரை அமர்த்த ஒரு குடும்பமும், அந்தக் குடும்பத்தைத் தாங்க ஒரு சமூகமும் வேண்டும்.

நம் தெருவின் மௌனம்

இவ்விடத்தில் விமர்சனத்தின் முனை நம் பக்கம் திரும்புவது தவிர்க்க இயலாதது. ‘காஞ்சிவரம்’ படத்தில் நாம் குறையாகச் சுட்டிய அந்த மௌனம் திரையில் மட்டுமா இருக்கிறது? 1998க்குப் பின் கைதானோரின் வீடுகளுக்கு வாடகை தர மறுத்தோர், பெண் கேட்டு வர அஞ்சியோர், பள்ளிவாசலில் அவ்வீட்டாரின் சலாமுக்குத் தணிந்த குரலில் பதில் சொன்னோர் எல்லாரும் வெளியார் அல்லர். அச்சத்திற்குக் காரணங்கள் இருந்தன என்பது உண்மை. உளவுத்துறையின் கண்ணில் படக்கூடாது என்ற கவலை வீண் கவலையன்று. ஆயினும் அந்தக் கவலையின் விலையைச் செலுத்தியவர்கள் பிள்ளைகள். சிறைவாசிகளின் விடுதலைக்காக மேடைகள் பல அமைந்தன; அவர்களின் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கான ஏடுகள் அந்த அளவுக்குத் திறக்கப்படவில்லை.

தந்தை குற்றமற்றவர் என்றால் உதவுவோம் என்று சொல்வாரும் உண்டு. இது அல்குர்ஆனிய அளவுகோலன்று. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரை அது ஒரே மூச்சில் புகழ்கிறது. கைதி எந்தக் குற்றத்திற்காகக் கைதியானார் என்று அங்கு கேட்கப்படவில்லை. குற்றவாளியின் பிள்ளைக்கும் பசி ஒன்றே. கணவன் சிறையிலிருக்கும் பெண் விதவையும் அல்லள், ஆதரவுடையவளும் அல்லள், எந்த உதவித் திட்டத்தின் படிவத்திலும் அவளுக்கெனக் கட்டமில்லை. ஸகாத்தின் பங்குகளில் ஏழைக்கும் கடனாளிக்கும் உரியவை அவளை நோக்கிச் செல்ல ஃபிக்ஹில் தடையேதும் இல்லை. தடை இருப்பது நம் பட்டியல்களில்தான்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று காரியங்களைச் செய்யலாம். தன் எல்லைக்குள் சிறைவாசியின் குடும்பங்கள் எத்தனை என்று மதம் பாராமல் எண்ணி, அவர்களின் கண்ணியம் குலையாமல் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டு வாடகைக்கும் பைத்துல்மாலில் நிலையான பங்கு ஒதுக்கலாம். பிணை, விடுப்பு, முன்விடுதலை ஆகியவற்றின் காலக்கெடுவை அறிந்து நினைவூட்டும் வழக்குரைஞர் ஒருவரை அமர்த்தலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அச்சத்தைச் சற்று ஒதுக்கி வைக்கும் உறுதி வேண்டும்.

கலைஞர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகும் ‘காஞ்சிவரம்’ நம்மை உலுக்குகிறது. அது உலுக்க வேண்டிய படமே. ஆனால் நஞ்சூட்டப்பட்ட மகளின் கதையைப் போலவே, தந்தை உள்ளே இருக்கத் தெரு முழுவதும் சேர்ந்து வளர்த்த மகளின் கதையும் எழுதப்பட வேண்டும். அப்படியொரு வாழ்வு எங்கேனும் நிகழ்ந்தால்தான் அதை எழுதுவோரும் தோன்றுவர். படத்தின் இறுதியில் பட்டு போதாமற் போனதற்கு நூல் குறைந்தது மட்டும் காரணமன்று. ஓர் ஊரே நெய்து தர வேண்டிய போர்வையை ஒரு மனிதன் தனியே, இரவில், திருடிய இழைகளால் நெய்ய நேர்ந்தது.